பரணில் கிடந்த ரவுட்டர்

எங்கள் வீட்டில் ஃபைபர் மோடம் கீழ் ஹாலில். கம்ப்யூட்டர் இரண்டும் மாடியில். நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் வைஃபை படியேறுவதற்குள் களைத்துவிடும். மாடிக்குத் தனி கனெக்ஷன் எடுத்தால் மாதாமாதம் அழ வேண்டும். பரணில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடந்தது. சரி, அதையே இறக்கி, மோடத்திலிருந்து மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அதில் மாட்டினேன்.

புதிதாக வாங்கியது 20 மீட்டர் கேட்-5இ ரக நெட்வொர்க் கேபிளும் அதன் முனையில் அடிக்கும் நான்கு ஜாக்கும்தான். ஜாக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி இரவல். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தில் செம்பு பூசியது மலிவு, ஆனால் வளைத்தால் உள்ளுக்குள் முறியும்.

முதலில் ரவுட்டரை ரீசெட் செய்து, மோடத்தோடு சேர்க்காமல் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் மாட்டி செட்டிங்ஸைத் திறங்கள். என் மோடத்தின் ஐபி, அதாவது நெட்வொர்க் விலாசம், 192.168.1.1. ரவுட்டருக்கும் அதுவே இருந்ததால் 192.168.1.250 என்று மாற்றினேன். மோடம் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் எண்களில் 250 வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரவுட்டரில் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு விலாசம் பங்கிடும் வசதியை, அணைத்துவிடுங்கள். விலாசம் கொடுக்க வீட்டுக்கு ஒரு ஆள் போதும்.

கேபிளின் இரு முனையும் லேன் (வீட்டுக் கருவிகளுக்கான) துளையில்தான் போக வேண்டும். ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் சொருகினால் மாடி தனி நெட்வொர்க்காகித் தனிக்குடித்தனம் போய்விடும். கீழேயிருந்து மாடி பிரிண்டரைப் பிடிக்க முடியாது.

பழைய ரவுட்டர் இல்லாதவர்கள் ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து துளை நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று வாங்கினால் போதும். செட்டிங்ஸே கிடையாது. வைஃபை மட்டும் வராது.

நான் சறுக்கியது ஜாக் அடிப்பதில். என் பிளானின் நெட் வேகம் 200 எம்பிபிஎஸ் (Mbps), ரவுட்டரும் கிகாபிட், அதாவது 1000 வரை தாங்கும். மாடியிலோ 94ஐத் தாண்டவில்லை. இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டினேன். பிறகு ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நீல வயர் நுனிவரை போகாமல் பாதியில் நிற்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகளே போதும். அதற்கு மேல் எட்டு வயரும் வேண்டும்.

ஜாக்கின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதேதான். எட்டு நுனியையும் ஒரே நீளத்தில் வெட்டி, முகப்பில் எட்டுச் செம்புப் புள்ளியும் தெரிந்த பிறகே கருவியை அழுத்துங்கள். நீல வயர் பாதியில் நின்ற முனையை வெட்டி மறுபடி இப்படி அடித்தேன், 190 வந்தது.