94-இல் நிற்கும் ஸ்பீடு: வீட்டு இன்டர்நெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளும் சரி, யூடியூப் பார்த்துத் தாங்களே சரிசெய்ய இறங்கும் வீட்டுக்காரர்களும் சரி, வழுக்குவது ஒரே சில இடங்களில்தான். எங்கள் செட்டில் எல்லாரும் வழுக்கிய அதே இடங்கள். ரூட்டரை பீரோவுக்குள் வைக்காதே, ஒருதடவை ஆஃப் பண்ணிப் போடு என்பதெல்லாம் ஊரறிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

கேபிளில் பார்க்காமல் வைஃபையைத் திட்டுவது

லேப்டாப்பை ரூட்டரில் லேன் கேபிளால் நேராகச் செருகி ஸ்பீடு எடுங்கள். பிளானில் சொன்ன வேகம் வந்துவிட்டால் லைன் சுத்தம், கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அதிலேயே வரவில்லையென்றால் வைஃபையை எவ்வளவு நோண்டியும் பிரயோசனமில்லை. லேப்டாப்பில் லேன் ஓட்டை இல்லாதவர்கள் யுஎஸ்பி அடாப்டர் வாங்கும்போது கிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ்) என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் பல 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. அப்புறம் அடாப்டரின் குறையை லைனின் குறை என்று நினைத்துச் சண்டைக்குப் போவீர்கள்.

94-ஐப் பார்த்தும் புரிந்துகொள்ளாமல் இருப்பது

பிளான் 300 எம்பிபிஎஸ். மாடியில் எடுத்தால் 94. காலையில் 94, ராத்திரியும் 94. வைஃபை சிக்னல் மோசமென்றால் எண் ஆடும்: 120 வரும், 40 வரும், கதவைச் சாத்தினால் 25 வரும். ஆடாமல் 93, 94 என்று நிற்கிறதென்றால் வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100-இல் ஓடுகிறது. டேட்டா பாக்கெட்டுகளின் மேலுறைக்கே அந்த 100-இல் கொஞ்சம் செலவாகிவிடும். கைக்கு வருவது ஏறக்குறைய 94.

ஒரு வீட்டில் கீழே ஹாலில் பைபர் பெட்டி, அங்கிருந்து சுவருக்குள் பைப் வழியாக மாடிக்கு லேன் கேபிள், மாடியில் இன்னொரு ரூட்டர். கஸ்டமர் கேரில் "பிளானை ஏத்துங்க சார்" என்றிருக்கிறார்கள். 100-இலிருந்து 300-க்கு ஏற்றினார். அசையவில்லை. கடைக்காரர் பேச்சைக் கேட்டு நாலு ஆன்டெனா வைத்த ரூட்டர் வாங்கி மாட்டினார். அப்போதும் 94. "என்னப்பா, ரூட்டரும் டூப்ளிகேட்டா?" என்று என்னிடம் எகிறினார். மாடிச் சுவரிலிருந்த பிளேட்டைக் கழற்றினேன். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் லேன் பாயின்டில் இருந்தன. நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் பக்கத்திலிருந்த டிவி பாயின்டுக்குப் போயிருந்தன. வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு பாயின்ட் கணக்குக் காட்டிவிட்டார். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய் கேபிள்.

லேன் கேபிளில் எட்டு வயர், நான்கு ஜோடி. 100-க்கு 1, 2, 3, 6 என்ற பின்களில் வரும் இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலமோ பழுப்போ விட்டுப்போனால் இரு முனையிலும் உள்ள பெட்டிகள் பெரும்பாலும் தங்களுக்குள் பேசி 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் வரும், பெரும்பாலும் எந்த விளக்கும் சிவக்காது, யாருக்கும் சந்தேகம் தட்டாது. எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். அடியோடு செத்துப்போன கேபிளை அன்றைக்கே கண்டுபிடித்து மாற்றியிருப்பார்கள்; இப்படிப் பாதி உயிரோடு கிடப்பது வருஷக்கணக்கில் காசு தின்னும்.

சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. எட்டு வயரையும் ஒரே பாயின்டில் சேர்த்து, கீழ்முனையையும் அதே வரிசையில் புதிதாகக் கிரிம்ப் செய்து (வயர்களை பிளக்கில் அழுத்திப் பூட்டி), மாடியில் ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்றை, அதாவது ஒரு லேன் லைனைப் பலதாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, வைத்தோம். டிவிக்கு ஒன்று, ரூட்டருக்கு ஒன்று. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வேலை. அதற்கு முன் அவர் போட்ட காசு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

94 நிற்க வேறு காரணமும் உண்டு. ரூட்டர் அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது இரண்டு அலைவரிசையின் வைஃபை வேகத்தைக் கூட்டிச் சொல்லும் கணக்கு. பின்னால் உள்ள போர்ட் 10/100, அதாவது அதிகபட்சம் 100, என்றிருந்தால் 300 பிளான் அந்த வாசலிலேயே நின்றுவிடும். பெட்டிகளை இணைக்கும் குட்டை லேன் கேபிளான பேட்ச் கேபிளில், பழையவை சிலவற்றில் உள்ளே நான்கே வயர்தான் இருக்கும். கிரிம்ப்பில் நீல, பழுப்பு ஜோடிகளின் ஒரு வயர் சரியாக உட்காராவிட்டாலும் பெரும்பாலும் இதே கதி. கம்ப்யூட்டரில் ஈத்தர்நெட் விவரத்தைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீடு' என்ற வரி இருக்கும். 1000/1000 இருந்தால் சரி, 100/100 இருந்தால் அந்தக் கேபிளின் இரு முனையையும் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

வீடு கட்டுபவர்கள் கேபிள் வாங்கும்போது வயர் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. மடக்கினால் சீக்கிரம் ஒடியும். சுவருக்குள் அதைப் போடாதீர்கள்.

சிக்னல் இல்லாத அறையில் ரிப்பீட்டர் வைப்பது

ரிப்பீட்டர் என்பது ரூட்டரின் வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் பெட்டி. வராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கித் தரும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். அங்கே வைத்தாலும் ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வேண்டுமென்றால் கேபிள் இழுத்து, அதில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் அக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் என் சிபாரிசு.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேனல் 3, 4, 8 என்று தேடிப் போவது

1, 6, 11. இந்த மூன்றில் ஒன்று.

பைபர் வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டுவது

கண்ணாடி இழை அது. இறுக்கமாக வளைத்தால் வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். பைபர் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும்; பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் லைன் அறுந்து அறுந்து வரும். மிச்ச வயரைப் பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

பைபரின் பச்சை முனையில் நீல முனையைச் செருகுவது

பச்சை சாய்வாகத் தேய்த்தது, நீலம் அப்படியில்லை. மாற்றிச் செருகாதீர்கள்.

ராத்திரி மட்டும் மெதுவாகும் லைனுக்கு ரூட்டர் வாங்குவது

காலையில் கேபிளில் முழு வேகம் வருகிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு அதே கேபிளில் பாதிகூட வரவில்லை என்றால் நெரிசல் பெரும்பாலும் கம்பெனிக்காரர் பக்கம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்பீடு டெஸ்ட் பல நேரம் அந்தக் கம்பெனியின் சொந்த சர்வரையே பிடித்துக்கொள்ளும். அதில் பெரும்பாலும் ஜோராகத்தான் வரும். வேறு கம்பெனியின் சர்வரை, முடிந்தால் வேறு ஊரில் உள்ளதை, நீங்களே தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காமிலும் ஒருமுறை பாருங்கள். காலையிலும் ராத்திரியும் கேபிளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புகார் கொடுங்கள். ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று மறுபடி ஆரம்பித்தால், டெஸ்ட் எடுத்தது கேபிளில் என்று சொல்லிப் புகார் எண்ணைக் கேளுங்கள்.