பத்து கியர் டிரக்கில் கியர் மாற்றப் பழகுதல்: இரட்டைக் கிளட்ச் செய்முறை

கனடாவின் ஒன்ராறியோவில் 2022 ஜூலை முதல், இழுவை டிரக்குகளுக்கான ஏ வகுப்பு உரிமத்தின் சாலைத் தேர்வில் தானியங்கிக் கியர் கொண்ட டிரக்கை ஓட்டித் தேறுபவரின் உரிமத்தில், மேனுவல் கியர் கொண்ட ஏ வகுப்பு வண்டி ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு சேர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் இதையே ‘ஈ’ என்ற குறியால் பதிவு செய்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு வேண்டாம் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரட்டைக் கிளட்ச் என்பது ஒரு கியர் மாற்றத்துக்குக் கிளட்சை இரண்டு முறை மிதித்து விடுவது. கார் ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழகுவதற்கு ஈட்டன் ஃபுல்லர் பத்து கியர் பெட்டியே சிறந்தது என்பது என் கருத்து. காரின் கியர் பெட்டியில் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்கள் உண்டு. இதில் அவை இல்லாததால், அந்த வேலையை ஓட்டுநரே எஞ்சின் சுழற்சியைக் கொண்டு செய்தாக வேண்டும். கனமான பூட்ஸைத் தவிர்த்து, தட்டையான மெல்லிய அடியுள்ள காலணி அணியுங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள், நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பார்ப்பதைவிட எஞ்சினின் ஒலியைக் கேட்பது விரைவில் கைகொடுக்கும். எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் ஜேக் பிரேக்கும் அணைந்திருக்கட்டும்.

நின்ற நிலையில் கிளட்சைத் தரைவரை மிதித்து, காலி வண்டியென்றால் இரண்டாம் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். டீசல் எஞ்சின் தானாகவே வண்டியை இழுக்கும். தரைவரை மிதிப்பது இந்த நேரத்தில் மட்டுமே. பெடலின் கடைசி அங்குலத்தில் இயங்கும் கிளட்ச் பிரேக், கியர் பெட்டியின் உள்தண்டை நிறுத்துவதற்கென்றே அமைந்தது. ஓடும் வண்டியில் அங்குவரை மிதித்தால் அது விரைவில் தேய்ந்து போகும். ஓட்டத்தின்போது இரண்டு, மூன்று அங்குல மிதி போதும்.

மேல் கியருக்கு: சுழற்சி 1500ஐ எட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சைச் சிறிது மிதித்து நியூட்ரலுக்கு இழுத்து, கிளட்சை விடுங்கள். முள் 1100 அளவுக்கு இறங்கியதும் மறுபடி சிறிது மிதித்து அடுத்த கியரில் போடுங்கள். சரியான சுழற்சியில் கியர் கோல் தானே வழுக்கிச் செல்லும், உறுமினால் அழுத்தாதீர்கள்.

கீழ் கியர்தான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. வேகம் குறைந்து முள் 1100க்கு வந்ததும் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பின்பு கிளட்சை முழுவதும் விட்டுவிட்டு, அதன் பிறகே ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுழற்சியை 1500க்கு ஏற்றி, மறுபடி கிளட்சைச் சிறிது மிதித்துக் கீழ் கியரில் போட வேண்டும். கிளட்சை மிதித்தபடியே எஞ்சினை உறும வைப்பவர்கள் பலர். அப்போது எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் தொடர்பே இல்லையாதலால், முள் ஏறினாலும் உள்ளே பற்சக்கரங்களின் வேகம் ஏறுவதில்லை. கியர் விழ மறுப்பதற்கும், கைப்பலத்தால் திணித்துப் பற்கள் அரைபடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பிரேக் போட்டு, அதை விட்டபின் கியர் மாற்றுவது தொடக்கத்தில் எளிது, ஏனெனில் நீங்கள் சுழற்சியை ஏற்றும் நேரத்திற்குள் வண்டி மேலும் வேகம் இழந்தால் தேவையான அளவும் மாறிவிடும்.

ஐந்திலிருந்து ஆறுக்குச் செல்லும்போது, ஐந்தில் இருக்கும்போதே கோலின் தலைப்பிலுள்ள சிறு நெம்புகோலை மேலே தூக்கிவிடுங்கள். கோல் நியூட்ரலைக் கடக்கும்போது காற்றழுத்தம் கியர் பெட்டியை ஆறு முதல் பத்து வரையுள்ள மேல் வரிசைக்கு மாற்றும். ஆறாம் கியர் முதல் கியரின் இடத்திலேயே இருக்கும். இறங்கும்போது, ஆறில் இருக்கையிலேயே அதைக் கீழே தள்ளிவிடுங்கள். நியூட்ரலுக்கு வந்தபின் அதைத் தொடுவது கூடாது.

எந்த வேகத்துக்கு எந்தக் கியர் என்று சிலர் கேட்டதால் சேர்க்கிறேன்: மணிக்கு மைல் கணக்கில், ஐந்தில் முடியும் வேகத்தின் இரு இலக்கங்களைக் கூட்டுங்கள். 25 மைலென்றால் ஏழு, 35 மைலென்றால் எட்டு, 45 மைலென்றால் ஒன்பது. பின்னச்சின் பற்சக்கர விகிதத்தைப் பொறுத்து சற்று முன்பின் ஆகலாம். கிலோமீட்டரில் இது பலிக்காது.

வரிசை மாறவேயில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மாற்றம் காற்றால் நடப்பதால், முதலில் காற்றழுத்த முள்ளைப் பாருங்கள்.

கிளட்ச் இல்லாமலே கியர் மாற்றும் பழக்கம் அனுபவசாலிகளிடம் உண்டு. தேர்வு முடியும்வரை அதைப் பழகாதீர்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது இரட்டைக் கிளட்ச்தான்.