அனிமே ஃபிகர் முன்பதிவு: எதற்குச் செய்யலாம், எதற்குக் காத்திருக்கலாம்

அனிமே ஃபிகரை, அதாவது ஜப்பானிய அசைபடக் கதாபாத்திரத்தின் சிறு உருவச்சிலையை, வெளியாகும் முன்பே பதிவு செய்துவிடலாமா என்று பத்து ஆண்டுகளுக்கு முன் யாராவது கேட்டிருந்தால், மனத்துக்குப் பிடித்த ஃபிகரை அறிவிப்பு வந்த வாரத்திலேயே முன்பதிவு செய்துவிடுங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல முடியவில்லை. முன்பதிவு பயனற்றுப் போய்விடவில்லை. ஆனால் எல்லா ஃபிகருக்கும் பொருந்தும் பழக்கமாக அதை வைத்துக்கொள்வது பணத்தையும் மன நிம்மதியையும் கெடுக்கிறது. மறுபடியும் கிடைக்க வாய்ப்பில்லாத பொருளுக்கு மட்டும் முன்பதிவு, மற்றவற்றுக்குப் பொறுமை என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். ஒரு ஃபிகர் இந்த இரண்டில் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறியும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், முன்பதிவு என்ற ஏற்பாடு ஏன் தோன்றியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கதாபாத்திரத்தின் உயரத்தை 1/7, 1/8 போன்ற விகிதத்தில் குறைத்துச் செய்யும் ஸ்கேல் ஃபிகர் உருவாகும்போது, கதாபாத்திரத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, சிற்பி கணினியிலோ கையாலோ உருவம் செதுக்கி, அதற்கு உரிமையாளரின் ஒப்புதல் வாங்கி, வண்ணம் தீட்டிய மாதிரி ஒன்றைத் தயாரிக்கிறார்கள். நாம் விளம்பரத்தில் காணும் படம் பெரும்பாலும் இந்த மாதிரியின் படமே. இதற்குப் பிறகுதான் பெருஞ்செலவு பிடிக்கும் உலோக அச்சுகள் செய்யப்படுகின்றன, அவற்றில் பி.வி.சி., ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கப்பட்டு, கண்கள் அச்சுப்பதிவாகப் பதிக்கப்பட்டு, வண்ணத்தின் பெரும்பகுதி தொழிலாளர் கைகளால் தீட்டப்படுகிறது. எத்தனை பிரதிகள் வார்ப்பது என்பதைத் தீர்மானிக்க, முன்பதிவுக் காலம் முடியும்போது கடைகள் கொடுக்கும் எண்ணிக்கையே நிறுவனத்துக்கு அடிப்படை. அந்த எண்ணிக்கை தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டால் பிறகு கூட்டுவது கடினம். ஃபிகர் தயாரிக்கும் குட் ஸ்மைல் நிறுவனத்துக்கு ஜப்பானின் தொத்தோரி மாவட்டத்தில் சொந்தத் தொழிற்சாலை உண்டு என்றாலும், இந்தத் துறையின் பெரும்பகுதி உற்பத்தி சீனாவில்தான் நடக்கிறது. அங்கே சந்திரப் புத்தாண்டு விடுமுறையில் ஆலைகள் மூடப்படுவதால், ஆண்டின் முதல் மாதங்களில் வரவேண்டியவை தள்ளிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் வாங்குபவருக்கு முன்பு இரண்டு நன்மைகள் இருந்தன. ஒன்று, குறைவாகவே தயாரித்ததால் வெளியான பின் விலை ஏறும் என்ற அச்சத்திலிருந்து விடுதலை. மற்றொன்று, கடைகள் முன்பதிவுக்குத் தந்த கணிசமான தள்ளுபடி. இரண்டும் இப்போது தேய்ந்துவிட்டன. ஜப்பானிய நிறுவனங்களோடு சீன நிறுவனங்களும் களத்தில் இறங்கிவிட்டதால், ஒரே கதாபாத்திரத்துக்கு ஓராண்டில் பல வடிவங்கள் வருகின்றன. புகழ்பெற்ற நாயகி ஒருத்தியின் ஃபிகரைத் தவறவிட்டால் ஆறு மாதத்தில் இன்னொன்று வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் 10,000 யென்னுக்குள் கிடைத்த 1/7, 1/8 அளவு ஃபிகர்கள் இன்று 20,000 யென்னையும் தாண்டுகின்றன. இதனால், வெளியான சில வாரங்களிலேயே பெட்டி பிரிக்கப்படாத பிரதிகள் முன்பதிவு விலைக்குக் கீழே பழைய பொருள் கடைகளுக்கு வந்துசேர்வது இயல்பாகிவிட்டது. ஓராண்டுக்கு முன் ஆசையோடு பதிவு செய்தவர்கள், பெட்டி கையில் வருவதற்குள் ஆசை தணிந்து விற்றுவிடுகிறார்கள். அதைக் குறையாக நான் சொல்லவில்லை. காத்திருப்பவருக்கு அதுதான் வாய்ப்பு.

அப்படியானால் எவற்றை முன்பதிவு செய்யலாம்? என் அனுபவத்தில் முதலிடம் துணைக் கதாபாத்திரங்களுக்கு. கதையில் சிறிது நேரமே வரும் ஆசிரியை, வயதான வீரர், எதிரணியின் மூன்றாவது ஆள் போன்றவர்களுக்கு ஒரு நிறுவனம் ஃபிகர் செய்வதே அரிது. செய்தால் குறைவாகவே செய்யும். மறு உற்பத்திக்குப் போதிய பேர் கேட்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு ஃபிகரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் ஒருமுறை விட்டுவிட்டேன். மூன்று ஆண்டுகள் தேடிய பின், மூல விலையைப்போல் இரண்டரை மடங்கு கொடுத்து, பெட்டி நசுங்கிய பிரதி ஒன்றைத்தான் வாங்க முடிந்தது. அடுத்ததாக, பதிவு செய்தவர் எண்ணிக்கைக்கு மட்டுமே தயாரிப்போம் என்று வெளிப்படையாக அறிவிக்கப்படும் ஃபிகர்களையும், நிறுவனத்தின் நேரடிக் கடையில் மட்டும் கிடைக்கும் பதிப்புகளையும் சொல்வேன். மாற்று முகம், கூடுதல் கைப்பாகம் போன்ற முன்பதிவுப் பரிசு உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால் அதுவும் நியாயமான காரணம்தான். பரிசு என்ற சொல்லுக்காக மட்டும் பதிவு செய்வது நியாயமாகாது.

முன்பதிவே தேவையில்லாத வகைகளும் உண்டு. ஜப்பானிய விளையாட்டுக்கூடங்களில் இடுக்கி இயந்திரத்தில் வெல்லும் பரிசு ஃபிகர்கள் அவற்றில் முதன்மையானவை. சேகா, டைட்டோ, ஃபுரியூ ஆகிய நிறுவனங்களும், பான்பிரெஸ்டோ என்ற பெயரில் பண்டாய் ஸ்பிரிட்ஸ் நிறுவனமும் இவற்றை வெளியிடுகின்றன. இத்தகைய பரிசுப்பொருளின் மதிப்புக்கு ஜப்பானியக் காவல்துறை வகுத்த உச்சவரம்பு 2022 இல் ஏறத்தாழ 800 யென்னிலிருந்து 1,000 யென்னாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்புக்குள் அடங்கவேண்டிய இவை ஏராளமாகத் தயாராகி, பழைய பொருள் கடைகளில் குவிகின்றன. 2019 இல் 3,900 யென் விலையில் தொடங்கிய குட் ஸ்மைலின் பாப் அப் பரேட் என்ற மலிவு விலை வரிசையிலும் பெரும்பாலானவை வெளியான பின் எளிதில் கிடைக்கும். 2006 இல் தொடங்கிய, பெரிய தலையும் சிறிய உடலும் கொண்ட நெண்டோராய்ட் வரிசையைப் பொறுத்தவரை என் பதில் கலப்பானது. புகழ்பெற்ற தொடரின் முதன்மைக் கதாபாத்திரத்துக்கு மறு வெளியீடு வந்துகொண்டே இருக்கும். சிறு தொடரின் கதாபாத்திரத்துக்கு அந்த உறுதி இல்லை. மறு வெளியீட்டு அறிவிப்பு வந்ததுமே பழைய பிரதியின் விலை சரிவதைக் கண்டவர்கள், ஏறிய விலையைக் கண்டு அவசரப்படமாட்டார்கள்.

சிபா மாவட்டத்தின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் குளிர்காலத்திலும் கோடையிலும் நடைபெறும் வொண்டர் ஃபெஸ்டிவல் கண்காட்சியைக் கவனிப்பதும் முடிவெடுக்க உதவும். வண்ணம் தீட்டாத சாம்பல் நிற மாதிரிகள் அங்கே பெருமளவில் காட்சிக்கு வருகின்றன. இன்று முன்பதிவு திறந்திருக்கும் ஃபிகரைவிட உங்கள் ரசனைக்கு நெருக்கமான ஒன்று அதே கதாபாத்திரத்துக்கு உருவாகிக்கொண்டிருப்பதை அங்கிருந்து வரும் படங்களிலேயே அறியலாம். அந்தச் சாம்பல் நிற மாதிரி முன்பதிவுக்கு வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். சில வராமலே போவதும் உண்டு.

இனி செலவுக் கணக்கு. கடையில் காணும் விலை உங்கள் வீட்டு வாசலில் ஆகும் விலை அல்ல. 20,000 யென் ஃபிகருக்கு 4,000 யென் அனுப்புக்கட்டணம் என்று கொண்டால் மொத்தம் 24,000 யென். 2020 இல் ஒரு யென் ஏறத்தாழ 70 காசு. 2024 இல் ஏறத்தாழ 55 காசு. அதே 24,000 யென் முந்தைய மதிப்பில் 16,800 ரூபாய், பிந்தைய மதிப்பில் 13,200 ரூபாய். யென் வீழ்ந்ததால் நமக்குக் கிடைத்த இந்த நிம்மதி நிலையானதன்று. வெளியீட்டின்போது பணம் செலுத்தும் முன்பதிவில், ஓராண்டுக்குப் பிந்தைய நாணய மதிப்பை இன்றே ஏற்றுக்கொள்கிறோம் என்பதை மறக்கக்கூடாது.

அனுப்புக்கட்டணத்தில் எடையைவிடப் பெட்டியின் பருமனே பலரை ஏமாற்றுகிறது. ஜப்பான் அஞ்சலின் சிறுபொதி வழி மலிவானது. ஆனால் 2 கிலோ எடைக்குள்ளும், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 90 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். நெண்டோராய்ட் பெட்டி இதில் எளிதாக அடங்கும். 1/4 அளவு ஃபிகர் அடங்காது. தனியார் கூரியர் நிறுவனங்களோ மூன்று அளவுகளையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்துப் பருமன் எடை காண்கின்றன. 40, 30, 30 சென்டிமீட்டர் கொண்ட அட்டைப்பெட்டி உண்மையில் 2 கிலோதான் என்றாலும் கட்டணம் 7.2 கிலோவுக்கு. ஆகவே, முன்பதிவுப் பக்கத்தில் உயரம் மட்டும் போட்டிருந்தால், விரிந்த கூந்தலையும் அகலமான பீடத்தையும் படத்தில் பார்த்துப் பெட்டியின் அளவை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சுங்கவரியில்தான் முன்பதிவின் உண்மையான அபாயம் இருக்கிறது, ஏனெனில் பதிவு செய்த நாளின் விதியைப் பார்க்காமல், பொதி வந்துசேரும் நாளின் விதியைக்கொண்டே வரி போடுகிறார்கள். இந்தியாவில் பொம்மைகளின் அடிப்படைச் சுங்கவரி 2020 இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023 இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம் என்ற ஆணையும் நடைமுறைக்கு வந்தது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு வரும் பொதிகளுக்குச் சுங்கப் பட்டியலின் வேறு தலைப்பில் வேறு விகிதம் உண்டு. எந்தத் தலைப்பில் மதிப்பிடுவது என்பது அதிகாரி கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி வந்துவிட்டது. மலேசியாவில் 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்டவற்றுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று முடிவுக்கு வந்தது. 2024 இல் விலக்கை நம்பிப் பதிவு செய்தவர்கள் பலர், ஃபிகர் வெளியான பிறகு வரியோடு சேர்த்துச் செலுத்த நேர்ந்தது. எனவே, ஒவ்வொரு நிதிநிலை அறிக்கைக்குப் பிறகும் உங்கள் நாட்டு விகிதத்தைச் சரிபார்த்து, நிலுவையிலுள்ள முன்பதிவுகளின் செலவை மீண்டும் கணக்கிடுங்கள்.

முன்பதிவு செய்வதென்று முடிவெடுத்துவிட்டால், கடையின் விதிகளை முழுவதுமாகப் படித்த பின்னரே பொத்தானை அழுத்துங்கள். அமிஅமி போன்ற ஜப்பானியக் கடைகள் பொருள் வந்த பிறகே பணம் கேட்கின்றன. வேறு சில கடைகள் முழுத்தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொள்கின்றன. பதினான்கு மாதம் கழித்து வரும் பொருளுக்கு இன்றே முழுப்பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இடையில் கடை மூடப்பட்டால் பணத்தை மீட்பது மிகக் கடினம். பின்னர் பணம் கேட்கும் கடைகளும் ரத்து செய்வதை எளிதில் அனுமதிப்பதில்லை. அதனால், பின்னர் மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடு பதிவு செய்வது கடைக்கும் நியாயமன்று, உங்கள் கணக்குக்கும் நல்லதன்று.

ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு முன்பதிவின் பெயர், கடை, தொகை, அறிவித்த மாதம் ஆகியவற்றை எழுதி, தாமதச் செய்தி வரும்போதெல்லாம் மாதத்தைத் திருத்துவது என் வழக்கம். இந்த வழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. நான்கு வெவ்வேறு மாதங்களில் வரவேண்டிய நான்கு ஃபிகர்கள் தாமதமாகித் தாமதமாகி ஒரே மாதத்தில் வந்து நின்றன. ஒரு வாரத்துக்குள் பணம் செலுத்த வேண்டியிருந்ததால் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததை எடுக்க நேர்ந்தது. அன்றிலிருந்து, நிலுவையிலுள்ள எல்லாமே ஒரே மாதத்தில் வந்தாலும் செலுத்தக்கூடிய தொகைக்கு மேல் பதிவு செய்வதில்லை.

காத்திருப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு மிகப் பெரிய ஆதாயம், உண்மைப் பொருளைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பதே. மாதிரியில் இருந்த மெல்லிய நிழல் வண்ணம் உற்பத்தியில் தட்டையாகிப் போயிருக்கலாம். கண்ணின் பதிவு இம்மி விலகியிருக்கலாம். வெளியான இரண்டு வாரத்தில் வாங்கியவர்கள் எடுத்த படங்கள் இதையெல்லாம் காட்டிவிடும். 1980 இல் டோக்கியோவின் நக்கானோ பகுதியில் பழைய மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) விற்கும் சிறு கடையாகத் தொடங்கிய மண்டராகே, சுருகாயா, அமிஅமியின் பழைய பொருள் பிரிவு ஆகியவை தேடத் தகுந்த இடங்கள். அமிஅமி, பொருளுக்கு ஒரு தரமும் பெட்டிக்கு ஒரு தரமும் தனித்தனியே குறிப்பிடுகிறது. காட்சிக்கு வைப்பவராக இருந்தால் பெட்டியின் தரம் தாழ்ந்ததைத் தயங்காமல் எடுக்கலாம். பழைய பி.வி.சி. ஃபிகர்களில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் சேர்மம் கசிந்து பிசுபிசுப்பு ஏற்படுவதும், ஒற்றைக் காலில் நிற்பவை வெப்பத்தில் சாய்வதும் உண்டு என்பதால், பழையது வாங்கும்போது விற்பவரின் குறிப்பில் இவை இரண்டையும் தேடிப் பாருங்கள்.

எல்லாக் கடைகளையும்விட மிக மலிவாக ஓரிடத்தில் கிடைத்தால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு, பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி, மங்கிய பெட்டி அச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். ஆனால் இவை பொருள் கைக்கு வந்த பிறகே தெரியும். வாங்கும் முன் நமக்கு உள்ள ஒரே பாதுகாப்பு கடையைத் தேர்வதுதான்.

முன்பதிவு முடியும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசி வாரம் வரை நான் பொறுத்திருப்பேன். உடனே தீர்ந்துவிடும் அரிய பதிப்பைத் தவிர மற்றவற்றுக்கு இந்த அவகாசம் பெரும்பாலும் கிடைக்கும். அந்த வாரத்தில் படத்தை மீண்டும் பார்த்து, அலமாரியில் அந்த ஃபிகருக்கான இடத்தை அளந்து, வாசல்வரை ஆகும் செலவைக் குறிப்பேட்டில் எழுதுவேன். எழுதிய தொகையைப் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் பதிவு செய்கிறேன்.