வட் பூ மலைக்கோயிலுக்கு நண்பர்களோடு போகிறவர்களுக்கு

வன்னியிலிருந்து வெளிநாடு பார்க்கப் புறப்படும் நண்பர் குழுக்கள் பெரும்பாலும் பாங்கொக்கோடு திரும்பிவிடுகின்றன. அதே பயணத்தில் இன்னும் நான்கு நாள்களை ஒதுக்க முடிந்தால், தெற்கு லாவோஸின் சம்பாசக் மாகாணத்திலுள்ள வட் பூ என்னும் பழைய சிவன் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வரலாம். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் பூ காவ் மலையின் உச்சியில் ஒரு பாறை லிங்க வடிவில் இயற்கையாகவே எழுந்து நிற்பதால், அந்த மலையை முன்னோர் லிங்கபர்வதம் என்று அழைத்தார்கள். வன்னியின் ஒட்டுசுட்டானில் தானாகவே தோன்றிய லிங்கமாக நிற்கும் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். பாங்கொக்கிலிருந்து இரவு ரயிலில் உபோன் ராச்சத்தானி, அங்கிருந்து பஸ்ஸில் சொங் மெக் எல்லை, எல்லையைத் தாண்டினால் பாக்சே நகரம். பாக்சேயிலிருந்து கோயில் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். இந்த வழியில் தாய்லாந்துக்குள் இரண்டு தடவை நுழைய வேண்டியிருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனால், லாவோஸிலிருந்து திரும்பும்போது எல்லையில் நிற்க வேண்டியதுதான். இரு நாட்டு விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன என்பதால், விமானச் சீட்டு எடுக்கும் முன்பே அவற்றைத் தூதரக வழியாக உறுதிப்படுத்துங்கள். எல்லையில் வெளியேறும் முத்திரை, நுழையும் முத்திரை இரண்டும் எல்லோருடைய கடவுச்சீட்டிலும் விழுந்திருக்கின்றனவா என்று ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்க வேண்டும்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை போவது நல்லது. மார்ச், ஏப்ரலில் வெயில் கடுமை. மே முதல் ஒக்ரோபர் வரை மழையில் கற்படிகள் பாசி பிடித்து வழுக்கும். மாசி மாதப் பூரணையை ஒட்டி அங்கே பெரிய திருவிழா நடக்கும். திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது போங்கள்; கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கோயில் கிழக்கு நோக்கியது, மலை மேற்கில் இருக்கிறது. ஆகவே காலையில் முகப்புச் சிற்பங்களில் நேர் வெளிச்சம் விழும். பின்னேரம் மலையின் நிழல் கோயிலை மூடிவிடும். நாங்கள் நால்வர் போனபோது, பாக்சேயில் காலைச் சாப்பாட்டுக்கு ஆறுதலாக உட்கார்ந்துவிட்டுப் பத்தரை மணிக்குத்தான் வாசலை அடைந்தோம். உச்சி வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு படியேறினோம். வாசல் திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய்விடுவதே சரி.

உள்ளே நுழைந்ததும் படிகளை நோக்கி ஓடாமல், கீழேயிருக்கும் பெரிய நீர்த்தேக்கத்தின் கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள். குளக்கட்டில் நடந்து பழகிய கண்ணுக்கு இந்த இடத்தின் அமைப்பு தானாகவே விளங்கத் தொடங்கும். மலைச்சரிவில் பாறைக்கடியிலிருந்து ஊற்று கசிகிறது. அந்த நீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கருவறைக்குள் கொண்டுவந்து, லிங்கத்தின்மேல் இடையறாது விழச் செய்திருந்தார்கள். மலையுச்சியிலிருந்து மேக்கொங் ஆற்றங்கரை வரை, ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளத்துக்குக் கோயில்களையும் நீர்நிலைகளையும் ஒரே அச்சில் அமைத்த இந்தத் திட்டத்துக்காகவே யுனெஸ்கோ 2001இல் இதை உலக மரபுரிமையாக ஏற்றது. கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரையிலான, கம்போடியாவை ஆண்ட கெமர் பேரரசின் வேலைப்பாடு. ஆனால் 5ஆம் நூற்றாண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டொன்றும் இப்பகுதியில் கிடைத்திருப்பதால், வழிபாடு இந்தக் கட்டடங்களைவிட மிகப் பழையது.

படிகள் செங்குத்தானவை, மிதிக்கும் இடம் ஒடுக்கமானது. பாதத்தைக் குறுக்காக வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் முழங்கால் தப்பும். இறங்கும்போதும் அப்படியேதான். நம் ஊர்க் கிரவல் நிறத்தில் கிடக்கும் செம்புரைக்கற்கள் சில இடங்களில் ஆடும். இருபுறமும், அங்கே சம்பா என்று சொல்லும் ஈழத்தலரி மரங்கள் வாசத்தோடு வளைந்து நிற்கும். அவற்றைப் பிடித்து ஏற வேண்டாம். குழுவில் ஒருவர் வேகமாக ஏறுவார், ஒருவர் ஒவ்வொரு கல்லையும் படமெடுப்பார். இருவரையும் ஒரே வேகத்தில் இழுக்க முயன்றால் நட்புத்தான் கெடும். மேல்தளத்தில் கருவறை வாசலில் சந்திப்பதென்று நேரம் குறித்துப் பிரிந்துவிடுங்கள். முழங்கால் நோவுள்ளவர் கீழ்த்தளத்து மண்டபங்களையும் சிறு நூதனசாலையையும் பார்த்தபடி இருக்கலாம்.

மேலே ஏறியதும் வாசல் மேற்கற்களை நிதானமாகப் பாருங்கள். ஐராவதத்தில் இந்திரன், கருடன்மேல் திருமால், கம்சனைக் கொல்லும் கண்ணன் என்று தெரிந்த கதைகளே அங்கு செதுக்கப்பட்டிருக்கும். பின்புறப் பாறையில் சிவனை நடுவில் வைத்து மும்மூர்த்திகள். இன்று கருவறையில் இருப்பவர் புத்தர். அங்கே வணங்க வருவோர் உயிரோடுள்ள ஒரு கோயிலுக்கே வருகிறார்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்து, பாதணியைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லுங்கள். சிவன் கோயிலாயிற்றே என்று கற்பூரம் கொளுத்தும் ஆசை நம்மவருக்கு வரும். கரி படிந்தால் மணற்கல் சிற்பம் கெட்டுவிடும். கையெடுத்துக் கும்பிட்டால் போதும். ஊற்றுநீரை உள்ளூர்ச் சனம் போத்தலில் பிடிப்பார்கள், வரிசைக்கு நின்று நீங்களும் பிடிக்கலாம்.

முதலை, யானை உருவங்களைப் பாறையில் செதுக்கிய முதலைக் கல்லும் யானைக் கல்லும் சற்றுத் தள்ளி, மரங்களுக்கிடையே இருக்கின்றன. அவற்றைத் தேடும்போது மிதித்துத் தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். உச்சிப் பாறைக்கு உள்ளூர் வழிகாட்டியின்றிப் போக நினைக்கவே வேண்டாம். 1964 முதல் 1973 வரை லாவோஸ்மீது 20 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான குண்டுகள் வீசப்பட்டன. வெடிக்காதவை இன்னும் பல மாகாணங்களில் மண்ணுக்குள் கிடக்கின்றன. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டுமென்று முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வளர்ந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே பலகை இல்லாத இடத்திலும் அதே கவனம் வேண்டும்.

செலவைப் பொதுப் பையில் போட்டு, ஒவ்வோர் இரவும் கணக்கை முடித்துவிடுங்கள். லாவோஸின் கிப் நாணயத்தில் பூச்சியங்கள் அதிகம். இரண்டு நாள் விட்டால் யார் எதைக் கொடுத்தார் என்பதே மறந்துவிடும். மீந்த கிப்பை எல்லைக்கு வரும் முன்பே தாய்லாந்தின் பாத்தாக மாற்றிக்கொள்ளுங்கள், ஊருக்குக் கொண்டுவந்தால் மாற்றுவது கடினம்.