ஆல் டெர்ரெய்ன் டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தார் ரோடு, மண்பாதை இரண்டுக்குமான ஆல் டெர்ரெய்ன் டயர் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது பட்டன்கள் மேல், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள் மேல். எவ்வளவு பெரிது, எவ்வளவு முரடு, வண்டிக்கு எடுப்பாக இருக்குமா என்று பார்ப்பார். ஆனால் அந்த டயர் வண்டிக்கு ஒத்துவருமா என்பதற்கான விவரம் முழுக்க பக்கச்சுவரில் அச்சாகியிருக்கிறது. பின்னால் வருத்தப்பட வைக்கும் தவறுகள் பெரும்பாலும் அதைப் படிக்காமல் பணத்தைக் கட்டுவதால் வருபவை.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் கிலோமீட்டரில் தார் ரோடு எவ்வளவு, மண்பாதை எவ்வளவு? நேர்மையாகக் கணக்கிட்டால் பலருக்கும் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு தார் ரோடுதான். மீதியும் சரளையோ கெட்டியான மண்ணோ ஆகத்தான் இருக்கும். எப்போதோ ஒருமுறை வரும் சேற்றை நினைத்து, சேற்றுக்கென்றே செய்த மட் டெர்ரெய்ன் டயர் வாங்கினால், மற்ற நாளெல்லாம் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். அந்த டயர்களில் பட்டன்களுக்கு இடையே இடைவெளி அதிகம், தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பட்டன் மேல் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் மெல்லிய சைப் கோடுகளும் குறைவு. ஈரமான தாரில் பிடிப்பைத் தருவதில் இந்தக் கோடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், மழையில் பிரேக் அடித்தால் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். சத்தமும் கூடும், தேய்மானமும் சீராக இருக்காது.

ஆல் டெர்ரெய்னிலேயே மிதமானதும் உண்டு, மட் டெர்ரெய்னை நெருங்கும் முரடும் உண்டு. இரண்டுக்கும் நடுவே தடுமாறினால் மிதமானதையே எடுங்கள். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் அது பெரும்பாலான இடங்களில் போய்விடும். விதிவிலக்கு ஒட்டுகிற களிமண். அதில் மிதமான டயரின் இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது மொட்டை டயர்தான். வாராவாரம் களிமண்ணில் போகிறவருக்கு மட் டெர்ரெய்ன் நியாயமான செலவு.

அளவை ஒரு படி ஏற்றுவது

265/65 ஆர்17 போட்டு வந்த வண்டிக்கு 265/70 ஆர்17 மாட்டுவது பலரும் செய்வது. இதில் 265 என்பது மி.மீ.யில் டயரின் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 17 ரிம்மின் அங்குல விட்டம். கணக்கைப் பார்ப்போம். முதல் டயரின் பக்கச்சுவர் உயரம் 265-இல் 65 சதவீதம், அதாவது 172 மி.மீ. மேலும் கீழுமாக அதை இரட்டித்து, 17 அங்குல ரிம்முக்கு 432 மி.மீ. சேர்த்தால் மொத்த விட்டம் 776 மி.மீ. இரண்டாவதற்கு 803 மி.மீ. வித்தியாசம் 27 மி.மீ., சுமார் 3.4 சதவீதம். இதில் வண்டியின் தரை இடைவெளிக்குக் கிடைப்பது பாதிதான். 13 மி.மீ. என்பது ஒரு விரல் அகலம்கூட இல்லை.

அதற்குப் பதிலாக இழப்பது என்ன? முன்பு மீட்டர் 100 காட்டிய அதே நிலையில் வண்டி இப்போது 103-க்கு மேல் போகும். ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். டயர் மாற்றியதும் மைலேஜ் சரிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களின் கணக்கில் ஒரு பகுதி இந்தக் குறை எண்ணிக்கைதான். 285/70 ஆர்17 வரை போனால் வித்தியாசம் 7 சதவீதம். அங்கே கியர் இழுவை, பிரேக், சில வண்டிகளில் சறுக்காமல் காக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி என எல்லாமே பாதிக்கப்படும்.

பெரிய அளவுதான் வேண்டும் என்றால் நான்குக்கும் பணம் கட்டுவதற்கு முன் முன்பக்கம் ஒரு டயரை மாட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். பிறகு அந்தச் சக்கரத்தை ஒரு கல்லின் மேலோ சரிவுப் பலகையின் மேலோ ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மறுபடி திருப்ப வேண்டும். சக்கர வளைவின் உள் லைனர், மட் ஃபிளாப், சேசிஸ் ஓரம், இந்த மூன்றில்தான் வழக்கமாக உரசும். ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி தோள்பட்டைப் பட்டன்கள் வெளியே துருத்துவது மாறும். அதனால் நண்பர் வண்டியில் உரசவில்லை என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. ரிம்மின் அகலம் அந்த டயருக்கு அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். வண்டிக்கு அடியில் தொங்கும் இடத்தில் அது நுழையுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

எல்டி என்றால் எப்போதும் மேல் என்று நினைப்பது

அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 115 என்றால் 1215, 121 என்றால் 1450. 121/118 என இரண்டு எண் இருந்தால், இரண்டாவது ஒரே பக்கம் ஜோடி டயர் ஓடும் வண்டிகளுக்கானது. கூடவே வரும் எழுத்து வேக எல்லை: க்யூ 160, ஆர் 170, எஸ் 180, டி 190, ஹெச் 210 கி.மீ. வண்டியோடு வந்த டயரைவிடச் சுமைக் குறியீடு குறையவே கூடாது. வேக எழுத்தைக் குறைப்பதைச் சில நாடுகளில் சட்டமே அனுமதிக்காது. ஹெச் ஓடிய வண்டியில் க்யூ மாட்டுவதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால் அது லைட் டிரக் டயர். உள்கட்டுமானம் கனமானது, கூர்கல் கிழிப்பதைத் தாங்கும் திறன் அதிகம். நன்றாகத்தானே இருக்கிறது என்று வாங்கிவிட்டு, பழைய டயரில் இருந்த அதே 35 பிஎஸ்ஐ காற்றை அடித்து ஓட்டுகிறார்கள். பலரும் கவனிக்காத பெரிய பிழை இதுதான். சாதாரண டயர் தன் முழுச் சுமையையும் 35, 36 பிஎஸ்ஐயிலேயே தாங்கிவிடும். எல்டி அப்படியல்ல. சுமை வகை சி என்றால் 50, டி என்றால் 65, ஈ என்றால் 80 பிஎஸ்ஐ அடித்தால்தான் பக்கச்சுவரில் எழுதிய எடையைத் தாங்கும். 121 குறியீடு கொண்ட ஈ வகை டயர், 35 பிஎஸ்ஐயில் நீங்கள் கழற்றிப் போட்ட 112-ஐவிடக் குறைவாகவே தாங்கும். சுமை ஏற்றி வேகமாக ஓட்டினால் உள்ளே சூடேறும். அதற்காக நேராக 80 அடித்துவிடாதீர்கள். அது உச்ச வரம்பு. காலி வண்டியில் அவ்வளவு காற்று இருந்தால் டயர் துள்ளும், நடுப்பகுதி மட்டும் தேயும். டயர் கம்பெனி தரும் சுமை, காற்றழுத்த அட்டவணையில் உங்கள் ஆக்சில் எடைக்கு எவ்வளவு என்று பார்த்து அடிக்க வேண்டும்.

10 ப்ளை என்று விற்பதில் பத்து அடுக்கு இருக்காது. அது வலிமை மதிப்பீடு மட்டும். ரேடியல் டயரின் பக்கச்சுவரில் வழக்கமாக இரண்டு, மிஞ்சினால் மூன்று அடுக்குதான். கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டா, மூன்றா என்பதே. எல்டி டயர் ஒவ்வொன்றும் சில கிலோ கூடுதலாக எடை இருக்கும். இழுவையும் எரிபொருளும் அதைக் காட்டிக்கொடுக்கும். கூர்கல் பாதை, முழுச் சுமை, டிரெய்லர், இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் வாடிக்கை என்றால் எல்டி எடுங்கள். இல்லையென்றால் சாதாரணச் சுமை வகை ஆல் டெர்ரெய்னே போதும், சவாரியும் மென்மையாக இருக்கும்.

பனிக்குறியை நம்புவது

எம்+எஸ் (மட், ஸ்னோ, அதாவது சேறு, பனி) என்ற எழுத்து, பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. பனி பெய்யும் பகுதியில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னத்தை. அது பனியில் சோதித்துத் தேறிய பிறகே கிடைப்பது. வழுக்குகிற பனிக்கட்டிக்கு அந்தச் சின்னமும் உத்தரவாதம் இல்லை.

காற்றை இறக்காமல் போவது, ஏற்றாமல் திரும்புவது

நல்ல டயர் வாங்கிவிட்டோம் என்று தார் ரோட்டுக் காற்றோடே மணலில் இறங்கினால் டயர் குழி தோண்டிக்கொண்டு உட்காரும். காற்றை இறக்கும்போது தரையைத் தொடும் பரப்பு, அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது. பிடிப்பு அங்கிருந்து வருகிறது. சாதாரணமாக 35 ஓடும் வண்டிக்குச் சரளைப் பாதையில் 26 முதல் 28, கல்லிலும் சேற்றிலும் 20-ஐ ஒட்டி, மென்மணலில் 15 முதல் 18 என்று தொடங்கலாம். கனமான எல்டி அவ்வளவு எளிதில் அமுங்காது என்பதால் அதற்கு இன்னும் ஓரிரு பிஎஸ்ஐ குறைக்க வேண்டியிருக்கலாம். ஆனால் 15-க்குக் கீழே போய்ச் சட்டென்று திருப்பினால் டயரின் ஓரம் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. கல் பாதையில் காற்று குறையும்போது பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், எனவே கல்லை ஓரமாக உரசிப் போகாமல் பட்டன்கள் ஏறும்படி ஓட்டுங்கள்.

மணலில் 16 பிஎஸ்ஐ வைத்தவர் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. தார் ரோடு தொட்டதும் கம்ப்ரசரை எடுத்துவிட வேண்டும். அடுத்த ஊரில் அடித்துக்கொள்ளலாம் என்று வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, உள் பெல்ட் பிரியத் தொடங்கும். வெளியே எதுவும் தெரியாது, பல நாள் கழித்து வெடிக்கும். காற்றை எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான பிறகு 4 முதல் 6 பிஎஸ்ஐ கூடுவது இயல்பு, அதைத் திறந்துவிட்டுக் குறைக்காதீர்கள்.

இரண்டு மட்டும் மாற்றுவது

எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் விட்டம் வேறானால், முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரென்ஷியலோ கப்ளிங்கோ இடைவிடாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டே சூடாகும். டயரில் மிச்சம் பிடித்தது அந்த ரிப்பேரில் போய்விடும். பட்டன் ஆழத்தில் சில மி.மீ. வித்தியாசமே சில வண்டிகளுக்கு அதிகம், எல்லை எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பஞ்சர் ஆகும் நாளிலும் இதே சிக்கல் வரும். எனவே ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள்.

மாட்டுவதற்கு முன், பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள், அது தயாரித்த தேதி. 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம். ஐந்தில் ஒன்று மட்டும் பழையதாக இருப்பதும் உண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அலைன்மென்ட், பேலன்சிங் அன்றே முடியட்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

புதிய ஆல் டெர்ரெய்ன் டயரின் பட்டன் ஆழம் பெரும்பாலும் 10 முதல் 13 மி.மீ. இருக்கும். பல நாடுகளில் சட்டம் 1.6 மி.மீ. வரை ஓட்ட அனுமதிக்கிறது. சேற்றிலும் ஈரமான சரிவிலும் அந்த டயர் 4, 5 மி.மீ.யிலேயே கைவிட ஆரம்பித்துவிடும். அதன்பின் மிச்சமிருக்கும் ரப்பரைத் தார் ரோட்டிலேயே தேய்த்து முடியுங்கள்.