பள்ளி முடித்த ஆறே ஆண்டில் பிசியோதெரபி டாக்டர் பட்டம்: அமெரிக்காவின் 3+3 படிப்பில் இடம் பிடிப்பதும் தக்கவைப்பதும்

அமெரிக்கக் கல்லூரியில் படித்து அங்கேயே பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டுமென்றால் இன்று ஒரே பட்டம்தான்: டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி, சுருக்கமாக டிபிடி. ஒரு காலத்தில் இளங்கலை போதுமாக இருந்தது, பிறகு முதுகலை ஆனது. 2015 முடிவுக்குள் எல்லாப் படிப்புகளும் டிபிடி ஆகிவிட வேண்டும் என்று அங்கீகாரம் தரும் கேப்டி அமைப்பு கெடு வைத்தது.

வழக்கமான பாதை ஏழு ஆண்டு: இளங்கலை நான்கு, டிபிடி மூன்று. 3+3 என்பது ஆறு ஆண்டு. மிச்சமாகும் அந்த ஓராண்டு எங்கிருந்து வருகிறது? இளங்கலைக்குச் சுமார் 120 கிரெடிட் (ஒரு பாடத்தின் எடையைக் காட்டும் அளவு) தேவை. மூன்று ஆண்டில் 90 முடிப்பீர்கள். மீதி 30 கிரெடிட்டை டிபிடியின் முதலாண்டுப் பாடங்கள் நிரப்பும். ஒரே பாடம் இரண்டு பட்டத்தின் கணக்கிலும் ஏறுகிறது. இதனால்தான் இந்தப் படிப்பில் சறுக்கினால் எழுந்து நிற்க நேரம் கிடைப்பதில்லை. கீழே வரும் நிபந்தனைகள் எல்லாமே இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவைதான்.

படி 1: எந்த வகை 3+3 என்று முதலில் கேளுங்கள்

விளம்பரத் தாளில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே மூன்று வகை உண்டு.

முதல் வகையில் பள்ளிப் பருவத்திலேயே டிபிடி இடமும் உங்களுடையது. மதிப்பெண் நிபந்தனையைக் காப்பாற்றினால் போதும், மறுபடி போட்டியில்லை. டூகேன், மார்க்கெட், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகங்கள், இத்தாக்கா கல்லூரி போன்றவை இந்த ஆறாண்டுப் பாணிக்குப் பெயர் பெற்றவை. இரண்டாம் வகையில் மூன்றாம் ஆண்டில் ஒரு நேர்காணல் வரும். அதில் தேறினால்தான் டிபிடிக்குள் போகலாம். மூன்றாவது வகை இரண்டு கல்லூரிகளுக்கு இடையிலான ஒப்பந்தம்: இளங்கலை ஓரிடம், டிபிடி வேறிடம்.

மூன்றாம் வகையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'இடம் ஒதுக்கப்படும்' என்பதும் 'முன்னுரிமை தரப்படும்' என்பதும் ஒன்றல்ல. முன்னுரிமை என்றால் உங்கள் விண்ணப்பத்தை முதலில் படிப்பார்கள், அவ்வளவுதான். சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்: நிபந்தனையை நிறைவேற்றிய எல்லோருக்கும் இடம் உண்டா? நேர்காணலில் விலக்கப்படுவது உண்டா? நிபந்தனை நடுவில் மாறினால் நான் சேர்ந்த ஆண்டின் விதி எனக்குப் பொருந்துமா?

படி 2: பள்ளியில் செய்ய வேண்டியது

உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டும் அறிவியல். கணிதத்தில் குறைந்தது ப்ரீகால்குலஸ் வரை. விண்ணப்பத்தில் சரியான பிரிவைத் தேர்ந்தெடுப்பது மிக முக்கியம். 'முதலில் பயாலஜியில் சேர்ந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம்' என்ற கணக்கு இங்கே பெரும்பாலும் பலிக்காது. முதலாண்டு நேரடிச் சேர்க்கை முடிந்தால் கதவு சாத்திவிடுவார்கள். கடைசித் தேதியும் கல்லூரியின் பொதுத் தேதிக்கு முன்னதாகவே வரக்கூடும். நவம்பரிலேயே முடிகிற இடங்கள் உண்டு.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில் பயாலஜிக்கு உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருந்தால் அதை வைத்துக் கல்லூரிப் பயாலஜியைத் தவிர்க்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இளங்கலைக்கு அந்தக் கிரெடிட்டை ஏற்கும் அதே பல்கலைக்கழகத்தில், டிபிடி துறை அதை முன்தேவைப் பாடமாக ஏற்க மறுக்கலாம். அப்போது மேல்நிலைப் பயாலஜிப் பாடம் ஒன்றை எடுத்து ஈடுகட்ட வேண்டிவரும். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 3: மூன்று ஆண்டுக்கு ஓர் அட்டவணை

ஏறக்குறைய எல்லா டிபிடி படிப்புகளும் கேட்கும் முன்தேவைப் பாடங்கள்: ஆய்வகத்தோடு பயாலஜி இரண்டு, கெமிஸ்ட்ரி இரண்டு, பிசிக்ஸ் இரண்டு, அனாட்டமி – பிசியாலஜி இரண்டு. இவற்றோடு ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒன்று, சைக்காலஜி ஒன்றோ இரண்டோ. பிசிக்ஸுக்குக் கால்குலஸ் பொதுவாகத் தேவையில்லை, அல்ஜீப்ராவும் ட்ரிகோனோமெட்ரியும் போதும்.

ஆறு செமஸ்டரில் 90 கிரெடிட் என்றால் செமஸ்டருக்குச் சராசரி 15. முதல் செமஸ்டர் இப்படி இருக்கலாம்: பயாலஜி 4, கெமிஸ்ட்ரி 4, ஆங்கில எழுத்துப் பயிற்சி 3, சைக்காலஜி 3, மொத்தம் 14. அடுத்ததில் பயாலஜி, கெமிஸ்ட்ரியின் இரண்டாம் பாகம், ஸ்டாடிஸ்டிக்ஸ், ஒரு பொதுப்பாடம். இரண்டாம் ஆண்டில் அனாட்டமி – பிசியாலஜி இரண்டும், முடிந்தால் பிசிக்ஸ் இரண்டும். மூன்றாம் ஆண்டை எக்சர்சைஸ் பிசியாலஜி, பயோமெக்கானிக்ஸ் போன்ற துறைப் பாடங்களுக்கும் மிச்சமுள்ள பொதுப்பாடங்களுக்கும் விடுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அனாட்டமியின் முதல் பாகத்தை இலையுதிர் செமஸ்டரில் மட்டும் நடத்தும் கல்லூரிகள் உண்டு. அங்கே அதை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டுத் தவறினால், மறுபடி எடுக்க அடுத்த இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும். டிபிடி அதற்குள் தொடங்கிவிடும். சில இடங்களில் மே, ஜூனிலேயே தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டிலேயே எடுத்திருந்தால் திருத்திக்கொள்ள ஒரு முழு ஆண்டு கையில் இருக்கும்.

கோடை விடுமுறையில் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மலிவாகப் பிசிக்ஸ் எடுத்துவிடலாம் என்ற யோசனையும் எல்லா இடத்திலும் செல்லாது. முன்தேவைப் பாடங்களைத் தங்கள் வளாகத்திலேயே முடிக்கச் சொல்லும் 3+3 படிப்புகள் உண்டு. ஆன்லைன் ஆய்வகத்தை ஏற்காத துறைகளும் உண்டு. கட்டணம் கட்டும் முன் ஆலோசகரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

படி 4: ஜிபிஏவை முதல் செமஸ்டரிலிருந்தே கணக்குப் போடுங்கள்

ஜிபிஏ என்பது உங்கள் கிரேடுகளின் சராசரி: ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2. இடம் பறிபோவதற்கு முதன்மைக் காரணம் இதுதான். பொது ஜிபிஏ ஒன்று, அறிவியல் ஜிபிஏ ஒன்று என இரண்டு வரம்பு இருக்கும். 3.0 அடிமட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேலே கேட்கும் இடங்களும் ஏராளம். முன்தேவைப் பாடத்தில் சி கிரேடாவது வேண்டும். சி மைனஸ் பெரும்பாலும் செல்லாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் 3.20 தேவை. 90 கிரெடிட்டுக்கு 3.20 என்றால் 288 புள்ளி. முதலாண்டு முடிவில், 30 கிரெடிட்டில், உங்கள் ஜிபிஏ 2.90. கையில் 87 புள்ளி. மீதி 201 புள்ளியை 60 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், அதாவது சராசரி 3.35. கடினம்தான், ஆனாலும் முடியும். இரண்டாம் ஆண்டு முடிவிலும் அதே 2.90இல் நின்றால் கையில் 174 புள்ளி. மீதி 114 புள்ளியை 30 கிரெடிட்டுக்குள் எடுக்க 3.80 வேண்டும். கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் ஏ. குறை அதே அளவுதான், ஓராண்டு தள்ளிப்போட்டதில் அது மலையாகிவிட்டது.

அறிவியல் ஜிபிஏ இன்னும் கூர்மையானது. எட்டு அறிவியல் பாடம், தலா 4 கிரெடிட் என்றால் மொத்தம் 32. ஒரு பாடத்தில் பி எடுக்க வேண்டிய இடத்தில் சி எடுத்தால் 4 புள்ளி போகும். ஜிபிஏ 0.125 இறங்கும்.

மறுபடி எழுதினால் பழைய கிரேடு மறைந்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். கல்லூரி அப்படிச் செய்யலாம். டிபிடி விண்ணப்பங்களுக்கான பொதுத் தளமான பிடிகாஸ், எழுதிய எல்லா முயற்சியையும் சேர்த்தே கணக்கிடும். முதல் பருவத் தேர்வு சரியில்லை என்றால் அன்றே ட்யூட்டரிங் மையத்துக்குப் போங்கள். கடைசித் தேர்வு வரை காத்திருந்து போவதில் பயனில்லை.

படி 5: பார்வையாளர் நேரம்

உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் நேரம் இது. கேட்காத இடமும் உண்டு, 100 மணிநேரத்துக்கு மேல் கேட்கும் இடமும் உண்டு. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டரிடமோ, விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னரிடமோ பார்த்த நேரம் இதில் சேராது. ஒரே கிளினிக்கில் முழுவதையும் முடிக்காமல், உள்நோயாளி மருத்துவமனை ஒன்று, வெளிநோயாளி கிளினிக் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த வகை இடம், தெரபிஸ்ட்டின் உரிம எண், கையெழுத்து ஆகியவற்றை அன்றன்றே பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துக் கையெழுத்துக்குப் போனால் அந்தத் தெரபிஸ்ட் வேலை மாறிப் போயிருப்பார்.

மணிக்கணக்கை விட, என்ன பார்த்தீர்கள் என்பதுதான் நேர்காணலில் நிற்கும். முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த மறுநாள் ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதைக் கவனியுங்கள். தெரபிஸ்ட் முதலில் படுத்த நிலையில் இரத்த அழுத்தம் பார்ப்பார். காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து மறுபடி பார்ப்பார். நோயாளி விழாமல் பிடித்துக்கொள்ள உதவும் கெய்ட் பெல்ட்டை இடுப்பில் கட்டி, வாக்கரை முன்னால் வைத்துவிட்டுத்தான் எழச் சொல்வார். எழும்போது அழுத்தம் சட்டென்று இறங்கினால் தலை சுற்றி விழுந்துவிடக்கூடும் என்பதால்தான் இத்தனை முன்னேற்பாடு. இப்படி ஒரு காட்சியையும் அதன் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். நோயாளியின் பெயரையோ அடையாளத்தையோ மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். நோயாளியின் மருத்துவ அந்தரங்கத்தை ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் காக்கிறது.

படி 6: டிபிடிக்குள் நுழைவது

நேரடி இடம் கிடைத்தவர்களிடமும் சில பல்கலைக்கழகங்கள் பிடிகாஸ் விண்ணப்பம் கேட்கும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே விசாரித்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் ஒரு தெரபிஸ்ட்டிடமும் ஓர் அறிவியல் பேராசிரியரிடமும் வாங்கினால் நல்லது. பட்டமேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இயைப் பல இடங்கள் கைவிட்டுவிட்டன.

படி 7: நான்காம் ஆண்டின் பணக் கணக்கு

பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி இது. நான்காம் ஆண்டில் மாணவர் இளங்கலையா, பட்டமேற்படிப்பா? இதைப் பல்கலைக்கழகம் எப்படி வகைப்படுத்துகிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பட்டமேற்படிப்பு என்று கணக்கிட்டால், வசதி குறைந்த இளங்கலை மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகை கிடைக்காது. முதலாண்டில் தந்த கல்லூரி ஸ்காலர்ஷிப்பும் நின்றுபோகலாம். டிபிடி கட்டணமும் அந்த ஆண்டிலிருந்தே தொடங்கலாம். பட்டமேற்படிப்புச் செலவுக்குப் பலர் நம்பியிருந்த அமெரிக்க அரசின் கிராட் பிளஸ் கடனும், 2025இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. ஆறு ஆண்டுச் செலவையும் ஆண்டுவாரியாக எழுதித் தரும்படி நிதி அலுவலகத்தைக் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இங்கே உண்டு. இளங்கலைப் பட்டம் வழக்கமாக டிபிடி முதலாண்டு முடிந்த பிறகே கையில் கிடைக்கும். அந்த ஆண்டின் நடுவில் விலகினால் இரண்டு பட்டமும் இல்லாமல் நிற்க நேரும். விலகுவோருக்கு எக்சர்சைஸ் சயன்ஸ் போன்ற மாற்றுப் பட்டம் முடிக்க வழி இருக்கிறதா, அதற்கு இன்னும் எத்தனை கிரெடிட் வேண்டும் என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: கிளினிக்கல் பயிற்சியும் உரிமத் தேர்வும்

டிபிடியில் குறைந்தது 30 வாரம் முழுநேரக் கிளினிக்கல் பயிற்சி கட்டாயம். அதற்கு முன் தடுப்பூசிச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, சிபிஆர் சான்றிதழ், குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவர்கள் முன்கூட்டியே தொடங்குங்கள். வழக்கமான மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும்.

கடைசியாக என்பிடிஇ என்ற தேசியத் தேர்வு. 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. 12 மாதத்தில் மூன்று முறையும், வாழ்நாளில் ஆறு முறையும்தான் எழுத முடியும். பயிற்சித் தேர்வில் வசதியான மதிப்பெண் வரும் வரை தேதியைப் பதிவு செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டில் பிபிடி (இளங்கலைப் பிசியோதெரபி) முடித்தவர்களுக்கு இந்தப் பாதை அல்ல. அவர்கள் வெளிநாட்டுப் பிசியோதெரபிப் பட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் எஃப்சிசிபிடி போன்ற அமைப்பிடம் பட்டத்தை மதிப்பீடு செய்து, குறையும் பாடங்களை ஈடுகட்டி, பிறகு இதே என்பிடிஇ தேர்வை எழுத வேண்டும். முதலாண்டு இளங்கலையில் மறுபடி போய் உட்காரத் தேவையில்லை.