இடைவெளிக்குப் பிறகு மீண்டும் நீதிமன்றத்துக்கு: பெண் வழக்கறிஞர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

சட்டம் படித்து, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் பதிவு செய்து, சில ஆண்டுகள் ஒரு சீனியரின் அலுவலகத்தில் வழக்குக் கட்டுகளோடு அலைந்து தொழில் கற்ற பிறகு, பிரசவத்தாலோ பெரியவர்களின் நோயாலோ கணவரின் இடமாற்றத்தாலோ கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்ட பெண்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் திரும்பி வரும் விருப்பம் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாததால், முதல் வேலையாக ஏதாவது ஒரு டிப்ளமோ வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சட்டப் புத்தகத்தை எடுத்தால் சட்டம் நினைவுக்கு வந்துவிடும். நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் பழக்கம் நீதிமன்றத்துக்குப் போனால்தான் திரும்பும். ஆகவே இங்கே சொல்லப்படும் படிகள் எல்லாம், எவ்வளவு விரைவாக ஒரு வழக்கில் உங்கள் பெயரில் ஆஜராவது என்பதை நோக்கியே அமைந்திருக்கின்றன.

படி 1: உங்கள் பதிவின் இன்றைய நிலையைச் சரிபாருங்கள்

வீட்டில் இருந்த காரணத்தால் மட்டும் பதிவுப் புத்தகத்திலிருந்து யாருடைய பெயரும் நீங்கிவிடுவதில்லை. பதிவான தேதியை வைத்துக் கணக்கிடப்படும் மூப்பும் அப்படியே இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து வந்தாலும் உங்கள் எம்.எஸ். எண் (பதிவு எண்) உங்களுடையதுதான். ஆனால் இடைவெளியில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்து, முதலில் செய்ய வேண்டியது மாறும்.

வேறு வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள், பார் கவுன்சிலின் 2015ஆம் ஆண்டுச் சரிபார்ப்பு விதிகளின்படி தங்கள் படிவத்தைக் கொடுத்தார்களா, தொழில்புரியும் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்கே செல்லுபடியாகும்.

வேலைக்குச் சேரும்போது தொழிலை முறையாக நிறுத்தி வைத்து, அசல் பதிவுச் சான்றிதழைப் பார் கவுன்சிலில் ஒப்படைத்தவர்கள், மீண்டும் தொடங்க அதன் செயலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 24ஏ பிரிவில் சொல்லப்பட்ட தகுதியின்மை எதுவும் இடைக்காலத்தில் ஏற்பட்டதா என்பதைத் தெரிவிக்கும் பிரமாணப் பத்திரத்தையும் அதோடு இணைக்க வேண்டும். பதிவுக் குழு அனுமதித்தால், சான்றிதழ் மேற்குறிப்புடன் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது வகையினர்தான் அதிகம் தயங்குகிறார்கள். வங்கியிலோ கல்லூரியிலோ நிறுவனத்திலோ முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்துவிட்டு, பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்காமல் இருந்தவர்கள் இவர்கள். பார் கவுன்சில் விதி 49, அப்படிச் சேர்பவர்கள் தகவல் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது. இதை மறைத்து ஒரு வக்காலத்தில் (கட்சிக்காரருக்காக ஆஜராகும் அதிகாரப் பத்திரம்) கையெழுத்துப் போடுவதுதான் உண்மையான ஆபத்து. பணியில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பணியிலிருந்து விடுவித்த கடிதம் ஆகியவற்றுடன் நீங்களே முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குரிய உத்தரவு கைக்கு வந்த பிறகே ஆஜராகுங்கள்.

2009-10 கல்வியாண்டு முதல் சட்டப் படிப்பை முடித்தவர்களுக்கு அகில இந்திய பார் தேர்வு கட்டாயம் என்பதையும், உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் அத்தேர்வு செல்லும் என்று உறுதி செய்ததையும் மறக்க வேண்டாம். சட்டத்தோடு தொடர்பில்லாத வேலையில் நெடுங்காலம் இருந்தவர்கள் திரும்பி வரும்போது மீண்டும் தேர்வு எழுத வேண்டும் என்ற யோசனையையும் அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. உங்கள் நிலைமைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைப் பார் கவுன்சிலில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பெண்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவரின் பெயர், வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது தடையாக வந்து நிற்கும். தொடக்கத்திலேயே சரிசெய்துவிடுங்கள். கணவரின் வேலைக்காகப் பெங்களூருவுக்கோ மும்பைக்கோ போய் அங்கே பார் கவுன்சில் பதிவை மாற்றிக்கொண்டவர்கள், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி கட்டணமின்றி, மூப்பும் குறையாமல், தமிழ்நாட்டுப் பதிவுக்குத் திரும்பலாம்.

படி 2: இரண்டே துறைகளைத் தேர்ந்தெடுங்கள்

வந்த வழக்கை எல்லாம் எடுப்பது இளம் வயதில் சரி. பிள்ளையைப் பள்ளியிலிருந்து மாலை நாலு மணிக்கு அழைத்து வர வேண்டிய ஒருவர், வீட்டுக்கு அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தையும் அங்கே அதிகம் நடக்கும் இரண்டு வகை வழக்குகளையும் தேர்ந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். குடும்ப வழக்குகள், ஜீவனாம்சம், செக் கேஸ், நுகர்வோர் வழக்கு, மோட்டார் விபத்து இழப்பீடு ஆகியவை முன்கூட்டியே தேதி தெரிந்து திட்டமிடக்கூடியவை. ஜாமீன், ரிமாண்ட் வேலைகள் நேரம் காலம் பார்க்காமல் அழைப்பவை. அவற்றை ஓராண்டு கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: மாறிய சட்டத்தைப் பழைய மனுவை வைத்துப் படியுங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமும் நடைமுறையில் இருக்கின்றன. மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். அலமாரியில் இருக்கும் உங்கள் பழைய மனு ஒன்றை எடுத்து, இன்றைக்குத் தாக்கல் செய்வதாக நினைத்துத் திருப்பி எழுதுங்கள்.

ஜீவனாம்ச மனு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைப்பிலேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறுகிறது. உடலில், கொடுமை குறித்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ என்று எழுதியிருந்த வரிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகளைப் பார்க்க வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். ஆகவே மனுவோடு அதையும் தயாரிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைச் சான்றாக வைப்பதென்றால், மின்னணுச் சான்றுகளுக்கான பழைய 65பி சான்றிதழுக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின் சான்றிதழை, அட்டவணையில் தரப்பட்ட இரண்டு பகுதிகள் கொண்ட படிவத்தில் இணைக்க வேண்டும். ஒரே ஒரு மனுவைத் திருத்தி எழுதும்போது மூன்று சட்டங்களும் ஒரு முக்கியத் தீர்ப்பும் கைக்குள் வந்துவிடுகின்றன.

அதே சமயம் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1க்கு முன்பு நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டும் மேசை மீது இருக்க வேண்டும்.

உரிமையியல் பக்கம் இருப்பவர்கள் வேறு சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வாடகை வழக்குகளில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்குகளில், தாவாவுக்கு முன்பே சமரசத்துக்குப் போவது கட்டாயம். 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான கொரோனா காலம் காலவரையறைக் கணக்கில் சேராது. விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பே இல்லை என்று படித்து வந்தவர்கள், 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாத வரம்பு வந்திருப்பதையும், அதன் மீது உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளையும் வழக்கை ஏற்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

படி 4: இ-கோர்ட் பழகுங்கள்

இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. இ-கோர்ட்ஸ் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, தெரிந்தவர் ஒருவரின் வழக்கை அதன் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் (வழக்கின் தனி அடையாள எண்) கொண்டு தேடிப் பாருங்கள். அடுத்த வாய்தா, முந்தைய உத்தரவுகள், வழக்கின் நிலை எல்லாம் அதில் இருக்கும். பிறகு இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் பதிவு எண்ணைக் கொண்டு கணக்குத் தொடங்குங்கள். எந்த வகை வழக்கு இணைய வழியில் மட்டும், எது தாளிலும் வேண்டும் என்பது குறித்த சுற்றறிக்கைகள் அவ்வப்போது மாறுவதால், உங்கள் நீதிமன்றத்தின் ஃபைலிங் பிரிவில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: ஒரு மாதம் ஒரே நீதிமன்றத்தில் உட்காருங்கள்

என் பார்வையில் எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது. இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலை 10:30க்கு கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த துறையின் வழக்குகள் நடக்கும் ஒரு நீதிமன்ற அறையில் போய் உட்காருங்கள். காஸ் லிஸ்ட்டை (அன்றைய வழக்குப் பட்டியல்) கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி முதலில் என்ன கேட்கிறார், எந்தக் காரணத்துக்கு வாய்தா தருகிறார், எதற்குச் செலவுத்தொகை விதிக்கிறார், பாஸ் ஓவர் (வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுப்பது) கேட்டால் எத்தனை மணிக்குத் திரும்ப அழைக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மதிய உணவு வேளையில் பெண் வழக்கறிஞர்கள் அறைக்குப் போங்கள். யார் எந்தத் துறையில் நன்றாகச் செய்கிறார்கள், எந்த அலுவலகத்தில் ஜூனியர் தேவைப்படுகிறார் என்பது அங்கேதான் தெரிய வரும்.

“இத்தனை நாள் எங்கம்மா போயிட்டீங்க?” என்று பழைய சீனியர்களும் குமாஸ்தாக்களும் கேட்பார்கள். “குழந்தைகளைப் பார்த்துக்கிட்டிருந்தேன் சார், இப்ப திரும்ப வந்துட்டேன், குடும்ப கோர்ட்லயும் செக் கேஸ்லயும் இருக்கேன்” என்று சொன்னால் போதும். நீங்கள் என்ன வேலை எடுக்கிறீர்கள் என்பது அந்த ஒரே பதிலில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இடைவெளிக்காக மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டவே வேண்டாம்.

படி 6: சீனியரிடம் நிபந்தனைகளைப் பேசிக்கொள்ளுங்கள்

திரும்பி வரும் பெண்களிடம் அன்போடு சொல்லப்படும் ஒரு யோசனை உண்டு: “நீங்க ஏம்மா கோர்ட்டுக்கு அலையணும், வீட்டிலிருந்தே டிராஃப்டிங் பண்ணிக் கொடுங்க.” நல்லெண்ணத்தில் சொன்னாலும், இதை மட்டும் ஏற்றுக்கொண்டால் உங்கள் உழைப்பு இன்னொருவர் பெயரில் தாக்கலாகும், மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தாலும் நீதிமன்றத்துக்கு உங்களைத் தெரியாது. டிராஃப்டிங் செய்யுங்கள், ஆனால் நீங்கள் தயாரிக்கும் வழக்கின் வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும், வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் நீங்களே ஆஜராக வேண்டும் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

ஊதியத்தையும் அப்போதே பேசுங்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. அது புதிதாக வருபவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அனுபவமுள்ள நீங்கள் அதற்கும் குறைவாகத் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

சீனியர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கும் சேம்பர் கூட்டத்தை வாரத்தில் இரண்டு நாளாவது மதியத்துக்கு மாற்றினாலே, பல நல்ல ஜூனியர்கள் உங்களிடம் தங்குவார்கள்.

படி 7: ஒரு சிறிய வழக்கை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே நடத்துங்கள்

உறவினர், அண்டை வீட்டார் மூலம் முதலில் வரும் வழக்குகள் பெரும்பாலும் வேறொரு வழக்கறிஞர் நடத்திக்கொண்டிருப்பவையாக இருக்கும். அவருடைய நோ அப்ஜெக்ஷன் இல்லாமலோ நீதிமன்ற அனுமதி இல்லாமலோ அதில் வக்காலத்துப் போடாதீர்கள். புதிய வழக்கு ஒன்றுக்குக் காத்திருங்கள்.

வக்காலத்தை நீங்களே நிரப்புங்கள். கட்சிக்காரரின் கையெழுத்து, அதற்கான சான்றொப்பம், ஏற்றுக்கொண்டதற்கு உங்கள் கையெழுத்தும் தேதியும், பதிவு எண், முகவரி, வெல்ஃபேர் ஸ்டாம்ப் (வழக்கறிஞர் நல நிதி வில்லை) என்று ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள். அப்படியும் கட்டு ரிட்டர்ன் ஆகலாம்: கோர்ட் ஃபீ போதவில்லை, ஆவணப் பட்டியல் தேதி வரிசையில் இல்லை, மனு எப்படி நிலைக்கத்தக்கது என்று குறிப்பெழுதித் திருப்புவார்கள். அனுபவசாலிகளின் கட்டுகளும் தினமும் திரும்பி வருகின்றன. கொடுக்கப்பட்ட நாட்களுக்குள் ஒவ்வொரு குறைக்கும் பதில் எழுதி, திரும்பத் தாக்கல் செய்து, வழக்கு நம்பராகும் வரை நீங்களே பின்தொடருங்கள். இந்த வேலையைக் குமாஸ்தாவிடம் விட்டுவிட்டால் ஃபைலிங் பிரிவு உங்களுக்கு என்றைக்கும் அந்நியமாகவே இருக்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது என்பதற்கும் முன்னரே ஏற்பாடு வேண்டும். அதே வளாகத்தில் இருக்கும் இன்னொரு பெண் வழக்கறிஞருடன், ஒருவர் வர முடியாத நாளில் மற்றவர் ஆஜராவது என்று பேசிவைத்து, வழக்குக் குறிப்புகளை முந்தைய இரவே பகிர்ந்துகொள்ளுங்கள்.

படி 8: வருமானத்துக்கு வேறு வழிகளையும் திறந்து வையுங்கள்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் தாலுகா குழுவிலும் பேனல் வழக்கறிஞராக விண்ணப்பிக்கலாம். வழக்கமாக மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், குடும்ப வழக்குகளில் அங்கே வேலைக்குக் குறைவிருக்காது. சமரசத்தில் ஆர்வமுள்ளவர்கள், 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கப்பட்ட சமரச மையத்தின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனிக்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இன்படி அமைக்கப்படும் உள்ளகக் குழுக்களுக்கு வெளி உறுப்பினர் தேவை. அச்சட்டத்தை ஆழமாகப் படித்தவர்களுக்கு அது மதிப்பான பணி.

பேஸ்புக்கில் கட்சிக்காரர்களைக் கவரும் விளம்பரமோ, வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு விற்கும் இணையதளங்களோ வேண்டாம். பார் கவுன்சில் விதி 36 விளம்பரத்தைத் தடுக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் அத்தகைய தளங்களுக்கு எதிராக உத்தரவிட்டது. பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, துறை ஆகியவற்றை மட்டும் கொண்ட சொந்த இணையப் பக்கத்துக்கு அனுமதி உண்டு.

கடைசியாக, ஆஜரான ஒவ்வொரு வழக்கிலும் உங்கள் பெயர் பதிவான உத்தரவின் நகலை ஒரு கோப்பில் தேதி வரிசையில் சேர்த்து வாருங்கள். நோட்டரியாக நியமனம் கேட்கப் பெண்களுக்கு ஏழு ஆண்டுத் தொழில் அனுபவம் போதும். சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மீண்டும் கொண்டுவந்திருக்கிறது. அந்த ஆண்டுகளை நீங்கள் நிரூபிக்க வேண்டிய நாளில் அந்தக் கோப்பைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.